அந்த நிகழ்ச்சிக்குக் காசு கொடுப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிட்காயின் போன்ற இணைய நாணயங்களைப் பற்றிப் பேசும் கிரிப்டோ வீடியோக்களை நம்பிப் பணம் இழந்தவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் அவர்களிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். பேராசைக்காரர்கள் என்று குத்திக்காட்டாமல் எழுதியிருக்கிறார். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், இந்த நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று முடித்துவிட்டார். அது எனக்கு ஒப்பவில்லை.

2014 முதல் இவற்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். இவற்றால் பணம் இழந்திருக்கிறேன், இவற்றிடமிருந்து நிறையக் கற்றும் இருக்கிறேன். அந்த உரிமையில் கட்டுரையில் விட்டுப்போன ஒரு கேள்வியைக் கேட்கிறேன். நிகழ்ச்சி நடத்துகிறவர் பிழைப்பது யாருடைய காசில்? நல்ல நிகழ்ச்சியையும் கெட்ட நிகழ்ச்சியையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது இந்த ஒரு கேள்விதான்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவள். 2014 தொடக்கத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து, காலை நீட்டியபடியே வீட்டில் கிடந்தேன். அக்கா மகன் பார்க்க வந்தவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான். "சித்தி, உங்களுக்குத்தான் கணக்குன்னா பிடிக்குமே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். திரையில் நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒருவர். எல்லோரும் அவரவர் அறையில் உட்கார்ந்து வெப்கேமில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய குரல் அடிக்கடி அறுந்தது. இன்னொருவர் வீட்டில் நாய் விடாமல் குரைத்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அது மவுண்ட் காக்ஸ் விழுந்த சமயம். ஒரு காலத்தில் உலகின் பெரும்பகுதி பிட்காயின் வர்த்தகம் நடந்த பரிமாற்றத் தளம் அது. சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று 2014 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. (பிறகு 2,00,000 அளவுக்குப் பழைய வாலட், அதாவது மின்பணப்பை, ஒன்றில் கிடைத்தன.) அந்த நான்கு பேரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். தளத்தில் கணக்கு வைத்திருப்பதும் பிட்காயினைக் கையில் வைத்திருப்பதும் ஏன் ஒன்றல்ல, பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி என்றால் என்ன, அதை எப்படிக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துவது, இதுதான் பேச்சு. விலை எவ்வளவு ஏறும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிட்காயின் என்பது எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கிற பேரேடு, யாரும் பழைய பக்கத்தைக் கிழிக்க முடியாத பேரேடு என்று அவர்கள் விளக்கியபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பேரேட்டைக் காபந்து செய்வதுதான் என் பிழைப்பு.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். நான்கு பத்திகள்: தேதி, நிகழ்ச்சி, பேசிய பொருள், காசு யார் கொடுத்தது. நான்காவது பத்தி அப்போது தொழில் பழக்கத்தில் போட்டதுதான். வரவு எங்கிருந்து என்று எழுதாமல் எனக்குக் கணக்கு எழுத வராது.

அந்தக் காலத்தில் நான்காவது பத்தியில் பெரும்பாலும் 'பார்வையாளர்' என்றுதான் இருக்கும். வீடியோவின் அடியில் ஒரு கியூஆர் கோடு இருக்கும். பிடித்திருந்தால் கொஞ்சம் பிட்காயின் அனுப்பலாம். அப்புறம், வீடியோவுக்கு வீடியோ சில்லறையாகக் கட்டணம் வாங்கும் தளங்கள் வந்தன. நான் சேர்ந்த தளத்தில் முதல் அரை நிமிடம் இலவசம். பிறகு படம் நின்று கோடு தோன்றும். வாலட்டில் ஸ்கேன் செய்தால் மீதி ஓடும். விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, அட்டை எண் கேட்பது கிடையாது. சில சென்ட்கள்தான் செலவு. அதில் பெரும்பகுதி நேராக வீடியோ எடுத்தவருக்கே போனது.

அட்டையில் இதைச் செய்ய முடியாது. அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றிலும் சதவீதக் கட்டணத்தோடு ஒரு நிலையான தொகையும் பிடிப்பது வழக்கம். 5 சென்ட் அனுப்பினால் அந்த நிலையான தொகையே 5 சென்டைத் தின்றுவிடும். சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் அறிக்கையை அச்செடுத்துப் படித்தேன். ஒன்பதே பக்கம். அதன் முன்னுரையிலேயே இந்தப் பிரச்சினை வருகிறது. இடைத்தரகர் செலவால் பரிவர்த்தனையின் குறைந்தபட்ச அளவு உயர்ந்துவிடுகிறது, சின்னச் சின்ன அன்றாடப் பரிமாற்றங்களுக்கு வழியில்லாமல் போகிறது என்று எழுதியிருக்கிறது. விலை ஏறும், பணக்காரர் ஆகலாம் என்று அந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லை. உங்கள் கட்டுரையாளர் அதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் சில்லறையாகக் காசு கொடுக்கும் இந்த ஆசை பிட்காயினுக்கும் முந்தியது. பக்கம் கிடைக்காதபோது திரையில் வரும் 404 எல்லோருக்கும் தெரியும். அதே வரிசையில் 402 என்றும் ஒரு எண் உண்டு. 'பணம் செலுத்த வேண்டும்' என்பது அதன் பொருள். 1990களிலேயே இணைய நெறிமுறையில் அதற்கு இடம் ஒதுக்கி, எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்த இடம் வெகுகாலம் காலியாகவே கிடந்தது. காசு வரும் வழி இல்லாத அந்த இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது.

சரி, நான் சேர்ந்த தளம் என்ன ஆனது? மூடிவிட்டார்கள். மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கணக்கில் கொஞ்சம் மீதி இருந்தது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. தொகை சிறியதுதான். ஆனாலும் நோட்டில் 'வராக்கடன்' என்று எழுதும்போது மனம் கஷ்டப்பட்டது.

மூடியதற்குக் காரணம் நிர்வாகம் மட்டுமில்லை. பிட்காயின் பேரேட்டில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதப்படும். அந்தப் பக்கத்தின் அளவும் அப்போது 1 மெகாபைட். கூட்டம் கூடினால் இடத்துக்குப் போட்டி வரும், கட்டணம் ஏறும். 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனையின் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. 5 சென்ட் அனுப்ப 50 டாலர் செலவு என்றால் சில்லறைக் கட்டணத் தளம் எப்படி நடக்கும்? எந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று பிட்காயின் வந்ததோ, அதே குறை அதற்கும் வந்து சேர்ந்தது. பக்கத்தின் அளவைக் கூட்டலாமா கூடாதா என்ற சண்டையில் அந்த ஆண்டு ஆகஸ்டில் பிட்காயின் கேஷ் தனியாகப் பிரிந்தது. நிகழ்ச்சிகளில் மாதக்கணக்கில் இதே பேச்சுதான். பலருக்கு அலுப்பாக இருந்திருக்கும். நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நோட்டின் நான்காவது பத்தி மாறியது. 'பார்வையாளர்' என்ற சொல் குறைந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் பரிமாற்றத் தளங்களின் பெயர்கள், புதுக் காயின்களின் பெயர்கள், 'கீழே உள்ள லிங்க்'. அதோடு சேர்ந்து மூன்றாவது பத்தியும் மாறியது. சாவி, வாலட், கட்டணம் என்று எழுதியிருந்த இடத்தில் 'இந்த வாரம் ஏறப்போகும் ஐந்து காயின்கள்' என்று வர ஆரம்பித்தது. முகப்புப் படத்தில் வாயைப் பிளந்த முகமும் பச்சை அம்புக்குறியும். இரண்டு பத்திகளும் ஒரே காலத்தில் மாறியதை நான் வெகுநாள் கழித்துத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடித்தேன். அதற்குள் என் பணம் போய்விட்டது.

அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நான் பார்த்து வந்த ஒரு தொகுப்பாளர், 2017 கடைசியில் ஒரு பரிமாற்றத் தளத்தைச் சொன்னார். தானும் அதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார். அவர் கொடுத்த லிங்க் வழியாகச் சேர்ந்தேன். சேர்கிறவர்கள் வர்த்தகம் செய்யும் ஒவ்வொரு முறையும் தளம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும் என்பது லிங்கின் ஏற்பாடு. சில மாதம் கழித்துப் பணத்தை எடுக்கப் போனால் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்று வந்தது. வாரக்கணக்கில் அதே வரி. ஒரு நாள் தளமே திறக்கவில்லை. 2014இல் முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையதில்லை என்பது. அதை நான் மறந்தேன், எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரே மறக்க வைத்தார். அவர் அந்தத் தளத்தைச் சொன்ன தேதிக்கு நோட்டில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். நான்காவது பத்தியில் என் கையெழுத்தில் 'லிங்க், பங்கு உண்டு' என்று தெளிவாக இருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை.

அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று இன்றும் நான் நம்பவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும், வாடகை இருக்கும். பார்வையாளர்கள் அனுப்பிய சில்லறை நின்றுபோனது. வேறு யாரோ காசு கொடுக்க முன்வந்தார்கள். யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வேண்டியதைப் பேச ஆரம்பித்தார். அவர் மேல் உள்ள வருத்தத்தைவிட அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோன ஏற்பாட்டின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

பெரிய அளவிலும் இதேதான் நடந்திருக்கிறது. பிட்கனெக்ட் என்ற திட்டம் மாதம் 40 சதவீதம் வரை லாபம் என்று சொல்லி ஆள் சேர்த்தது. 2018 ஜனவரியில் அதன் கடன் திட்டமும் பரிமாற்றத் தளமும் மூடப்பட்டன. அதைப் பரப்பியவர்கள் யூடியூபில் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சாட்சி சொன்னார்கள். ஆள் சேர்த்ததற்குக் கமிஷன் வாங்கினார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2021இல் அவர்களில் ஐந்து பேர் மேல் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பரிமாற்றத் தளம் விழுந்தது. அதற்கு விளம்பரம் செய்த யூடியூப் நிதி ஆலோசகர்கள் சிலர் மேலும் அடுத்த ஆண்டு வழக்கு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்டோ டோக்கனை (புது இணைய நாணயத்தை) இன்ஸ்டாகிராமில் பரிந்துரைக்க 2,50,000 டாலர் வாங்கியதை வெளியே சொல்லவில்லை. 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டார். குற்றம், பரிந்துரைத்தது இல்லை, காசு வாங்கியதை மறைத்தது. இதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. ஆண்ட்ரியாஸ் அன்டோனோபுலோஸ் ஆண்டுக்கணக்கில் பிட்காயின் பற்றிப் பேசிய உரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2017 டிசம்பரில், பிட்காயின் உலகின் ஒரு பெரிய முதலீட்டாளர், இத்தனை காலம் பேசியும் இவர் ஏன் பணக்காரர் ஆகவில்லை என்ற தொனியில் பொதுவெளியில் எழுதினார். செலவுக்காக இருந்ததை முன்பே விற்றுவிட்டேன் என்று அன்டோனோபுலோஸ் மறைக்காமல் சொன்னார். அடுத்த சில நாட்களில் முகம் தெரியாத பார்வையாளர்கள் அவருக்கு 100 பிட்காயினுக்கும் மேல் அனுப்பினார்கள். அந்த வாரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. கண் கலங்கிவிட்டது. ஆனால் அது ஒருவருக்கு ஒருமுறை நடந்த விஷயம். சின்ன நிகழ்ச்சி நடத்தும் மற்றவர்களுக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிற சில்லறைதான் வேண்டும்.

அந்தச் சில்லறை வரும் வழி இப்போது மறுபடி திறந்திருக்கிறது என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா என்ற இருவர் முன்வைத்த யோசனைதான் லைட்னிங் நெட்வொர்க். 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்குக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். இரண்டு பேர் பற்று வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டு, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மட்டும் பெரிய பேரேட்டில் பதிவது போன்றது. ஆயிரம் சின்னக் கட்டணம் போனாலும் பேரேட்டில் இரண்டே வரி. ஒரு பிட்காயினின் 10 கோடியில் ஒரு பங்குக்கு சடோஷி என்று பெயர். அதை ஒன்றிரண்டாகக்கூட அனுப்பலாம். பாட்காஸ்ட் கேட்கும் செயலிகள் சிலவற்றில் நிமிடத்துக்கு இத்தனை சடோஷி என்று நாமே வைத்துக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டிருக்கும் வரை போகும், நிறுத்தினால் நின்றுவிடும். தொகுப்பாளருக்கு இவ்வளவு, ஒலி சரிசெய்கிறவருக்கு இவ்வளவு, விருந்தினருக்கு இவ்வளவு என்று அந்தச் சில்லறையே பிரிந்து போகவும் வழி செய்திருக்கிறார்கள்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் காசு போகிறது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகப் பார்க்கவே முடியவில்லை. இந்த நிமிடம் இந்தக் காசுக்குத் தகுமா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. பேசுபவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட விரல் பொத்தானுக்குப் போகும். தொகை ஒன்றுமே இல்லை, ஆனால் முடிவெடுக்கிற களைப்பு பெரிது. 1999இலேயே கணினி அறிவியலாளர் நிக் சாபோ இந்த மனச்செலவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று ஒரு நிகழ்ச்சியில் கேட்டேன். அப்புறம் வழி ஒன்று கண்டேன். மாதத்துக்கு இவ்வளவு என்று முதல் தேதியே ஒதுக்கிவிடுவேன். பார்த்த நேரத்துக்கு ஏற்ப அது தானாகப் பிரியட்டும், நான் மீட்டரைப் பார்ப்பதில்லை. காயில் என்ற நிறுவனமும் மாதம் 5 டாலர் வாங்கிக்கொண்டு, நாம் பார்க்கும் தளங்களுக்கு விநாடிக் கணக்கில் பிரித்துக் கொடுத்தது. அதுவும் 2023இல் மூடிவிட்டது. எல்பிஆர்ஒய் என்ற வீடியோ அமைப்பு தன் டோக்கனை முதலீட்டுப் பத்திரம் என்று பதிவு செய்யாமல் விற்றது என்று அமெரிக்க நீதிமன்றத்தில் 2022இல் தோற்றது. நல்ல யோசனை என்பதால் மட்டும் ஒரு தளம் நிலைத்துவிடாது. அதனால் எந்தத் தளத்திலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தொகையை நான் விட்டுவைப்பதில்லை.

பெரிய தளமே போதுமே, யூடியூப் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் கொடுக்கிறதே என்று கேட்கலாம். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் பல கிரிப்டோ சேனல்களின் வீடியோக்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. சில நாளில், தவறு நடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி வைத்தார்கள். நான் பார்த்துவந்த ஒரு பெண் தொகுப்பாளர் அந்த வாரமே நிறுத்திவிட்டார், பிறகு திரும்பி வரவில்லை. வாலட்டைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று அவர்போல் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

இன்னொன்று, இதை மட்டும் தனிப் பெட்டிச் செய்தியாகவே போடுங்கள். பிரபலங்களின் முகத்தை வைத்து, 'ஒரு காயின் அனுப்புங்கள், இரண்டாகத் திருப்பித் தருகிறோம்' என்று நேரலை ஓடும். அதற்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், தன் படத்தை வைத்து இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2020இல் யூடியூப் மேலேயே வழக்குப் போட்டார். பழைய பேட்டி ஒன்றை ஓடவிட்டுத்தான் நேரலை என்று காட்டுகிறார்கள். யாரும் இரட்டிப்பாகத் தருவதில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை, அந்தப் பேரேட்டில் அழிப்பான் கிடையாது. ஒரு நல்ல நிகழ்ச்சியின் அடியிலும் கியூஆர் கோடு இருக்கும் என்பதால்தான் மக்கள் குழம்புகிறார்கள். நல்லவர் தன் வேலைக்குக் கூலி கேட்கிறார். திருடன் லாபம் தருவதாகச் சொல்கிறான். பார்த்தால் இரண்டும் ஒரே கோடுதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் மூன்று விவரம் தரும்படி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்: நடத்துகிறவருக்கு வரவு எங்கிருந்து, அதை நிகழ்ச்சிக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்கிறாரா, தான் பேசும் காயினைத் தானும் வைத்திருப்பதாகச் சொல்கிறாரா. இந்த மூன்றையும் சொல்கிற நிகழ்ச்சிகள் இன்றும் இருக்கின்றன. பார்ப்பவர்கள் குறைவு, முகப்புப் படம் மங்கலாக இருக்கும், இரண்டு மணி நேரம் ஓடும். அவற்றையும் குட்டையில் சேர்த்துத் தள்ளிவிட்டால், கேட்க வந்தவர்களுக்குப் பச்சை அம்புக்குறிக்காரர்கள்தான் மிஞ்சுவார்கள்.

நான் இப்போது தொடர்ந்து பார்ப்பது நான்கே நிகழ்ச்சிகள். நான்காவது பத்தியில் நான்குக்கும் 'பார்வையாளர்' என்று எழுத முடிகிறது, ஒன்றுக்கு மட்டும் 'பார்வையாளர், ஒரு விளம்பரதாரர், தொடக்கத்திலேயே சொல்கிறார்' என்று எழுதுகிறேன். நோட்டு இப்போது ஆறாவது ஓடுகிறது. கட்டுரையாளருக்குப் பயன்படும் என்றால் ஆறையும் நகலெடுத்து அனுப்பி வைக்கிறேன். முதல் நோட்டில் சில பக்கங்களில் மட்டும் மை கலைந்திருக்கும், அவற்றைத் திருத்தி எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி